நாக்கு அவனுடையது, ரத்தம் அக்காவுடையது

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்து ஒருவர் வீட்டுக்குக் கிளம்பும்போது, இப்போதெல்லாம் நீங்கள் வார்டில் வரிசையாக நின்று கைதட்டுகிறீர்கள். போன மாதம் என்னை ஒரு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தபோது பார்த்தேன். கேக் கூட வெட்டினீர்கள். எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் நாளில் அதெல்லாம் கிடையாது. மாத்திரைப் பையைக் கையில் கொடுத்து, "கூட்டத்துக்குள்ள போகாதே, தண்ணியைக் காய்ச்சிக் குடி, அடுத்த மாசம் வா" என்று சொல்லி பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிவிடுவோம். கைதட்டினாலும் தட்டாவிட்டாலும், கிளம்புகிறவர் மனதில் ஒன்றுதான் இருக்கும்: நோய் போய்விட்டது. அதற்குப் பிறகு நாம் சொல்வது எதுவும் காதில் ஏறாது. இந்தப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நர்சுகளான உங்களுக்கு, அந்த 'அதற்குப் பிறகு' பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். நான் வேலை பார்த்த வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சையை அப்போதுதான் ஆரம்பித்திருந்தார்கள். நாட்டிலேயே விரல்விட்டு எண்ணும்படி நடந்துகொண்டிருந்த காலம். மாதேசன் என்ற பையன் வந்து சேர்ந்தான். அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம், இருபது வயதுகூட ஆகவில்லை. ரத்தப் புற்று. எனக்கும் சொந்த ஊர் பாலக்கோடு பக்கம் என்பதால், "உங்க ஊர்க்காரன், நீங்களே பாத்துக்கங்க" என்று அவனை என்னிடம் விட்டுவிட்டார்கள்.

கூடப் பிறந்தவர்களில் ஒத்துப்போனது அக்கா பச்சியம்மாவின் மஜ்ஜை மட்டும். இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுத்தோம். மயக்கம் தெளிந்ததும் அவள் தன் வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அவனுக்கு ஏறிடுச்சுங்களா சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டாள். ஏறியது. பிடித்துக்கொண்டது. சில மாதங்களில் மாதேசனின் ரத்த குரூப்பே மாறி அக்காவின் குரூப்பாகிவிட்டது. லேபில் இருந்தவர் அதை அவனிடம் சொல்லிவைக்க, அவன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். "என் ஒடம்புல ஓடறது பூரா எங்க அக்கா ரத்தங்க."

அந்த ரத்தம் அவன் உடம்போடு கொஞ்சம் சண்டையும் போட்டது. தோல் கறுத்துத் தடித்தது. வாய்க்குள் வலை பின்னியதுபோல வெள்ளைப் படலம் படர்ந்தது. எச்சில் வற்றி, காரம் பட்டால் எரியும். இது இந்தச் சிகிச்சையின் கூடவே வருவது, உங்களுக்குத் தெரியும். நாங்களும் அக்கா தம்பி இரண்டு பேரையும் உட்காரவைத்து விளக்கினோம்: "அக்கா ரத்தத்துக்குத் தம்பி ஒடம்பு வேத்தாளாத் தெரியுது, அதான்." இருவரும் சிரித்தார்கள். சண்டையை அடக்க மாத்திரை கொடுத்தோம். அதை வருடக்கணக்கில் சாப்பிட வேண்டியிருந்தது.

முதல் இரண்டு மூன்று வருடம் ஒழுங்காகச் செக்கப்புக்கு வந்தான். பிறகு நின்றுவிட்டான். மாத்திரையை மட்டும் தருமபுரியில் வாங்கிக்கொண்டிருந்தான். கடிதம் போட்டோம், பதில் இல்லை. இடையில் பச்சியம்மாவுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை கோவிந்தன், அதியமான்கோட்டைக்காரர். மாமனும் மச்சானும் சேர்ந்து தொப்பூரில், மலைப்பாதை ஆரம்பிக்கும் இடத்தில், லாரிக்காரர்கள் நின்று சாப்பிடும் ஒரு கடை போட்டார்கள். இதையெல்லாம் ஊருக்குப் போகும்போது நான் காதில் கேட்டதுதான்.

எண்பதுகளின் கடைசியில், ஒரு ஆடி மாதம், நான் லீவில் ஊருக்குக் கிளம்பினேன். எங்கள் பெரிய டாக்டர் கூப்பிட்டார். முதலில் இந்தச் சிகிச்சை எடுத்து நன்றாக இருப்பவர்களுக்கு, சில வருடம் கழித்து வேறு இடத்தில் புற்று வருவதாக வெளிநாட்டிலிருந்து செய்திகள் வர ஆரம்பித்திருந்தன. "தொப்பூர் வழியாத்தானே போறீங்க? அந்தப் பையன் வாயை மட்டும் பாத்துட்டு வாங்க" என்றார்.

சேலத்திலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கினேன். காலை வெயில் ஏறியிருந்தது. மலையிறங்கி வந்த லாரிகளின் பிரேக் கருகிய வாடை, அதற்குள்ளே தோசைக்கல் வாசம். மாதேசன் கல்லுக்கு முன்னால் நின்றிருந்தான். ஆளே மாறி, தோள் அகன்று, நல்ல ஆம்பிளையாக இருந்தான்.

"அட, வாங்க சிஸ்டர்!" என்றவன், சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர்களிடம் திரும்பினான். "இவங்கதாங்க எனக்கு அக்கா ரத்தத்தை ஏத்துனவங்க."

பேசும்போது வார்த்தைகள் வாயின் ஒரு ஓரமாக வந்தன. அது எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து வாயைத் திறக்கச் சொன்னேன். பழைய வெள்ளைப் படலம் அப்படியே இருந்தது. நாக்கின் பக்கவாட்டில், பின்பக்கமாக, ஒரு புண். கையைக் கழுவிக்கொண்டு விரலால் தொட்டேன். ஓரம் கெட்டியாக இருந்தது.

"இது எப்ப வந்துது?"

"அது எப்பவும் இருக்கறதுதானுங்களே. ஒண்ணு ஆறும், ஒண்ணு வரும்."

இதைக் கவனித்துக் கேளுங்கள். எப்போதும் வாய்ப்புண் இருக்கிறவனுக்குப் புதுப் புண் தெரியாது. வலி பழகிப்போயிருக்கும். வீட்டாருக்கும் பழகியிருக்கும். அவனைத் தினமும் பார்க்கிறவர்கள்தான் கடைசியாகக் கவனிப்பார்கள்.

புற்று என்ற வார்த்தையை அந்தக் கடை வாசலில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை. "இது பழைய புண்ணு மாதிரி இல்ல மாதேசா. எனக்குச் சந்தேகமா இருக்கு. துளி சதையைக் கிள்ளி எடுத்துப் பாக்கணும். இந்த வாரமே கெளம்பி வா" என்றேன்.

அவன் முகம் சுருங்கியது. "நல்லாயிட்டேன்னு சொல்லித்தானே அனுப்புனீங்க? நல்லாயிட்டவன் எதுக்குங்க ஆஸ்பத்திரிக்கு வரணும்? இப்ப ஆடிப் பதினெட்டு வருது. மேட்டூருக்குப் போற கூட்டம் பூரா இந்த வழிதான். அது முடியட்டும், பாக்கலாம்."

நான் பதில் சொல்வதற்குள் பச்சியம்மா உள்ளேயிருந்து வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. நாங்கள் பேசியது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். தோசைத் திருப்பியை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். "சட்டையைப் போடு. மாமனைக் கூட்டிக்கிட்டுக் கெளம்பு. தோசை ஊத்த எனக்குத் தெரியாதா?"

என் லீவு முடிவதற்கு முன்பே மாதேசன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். நான் திரும்பிய அன்று முடிவு வந்திருந்தது. நாக்கில் புற்று. ஆரம்ப நிலை. கழுத்தில் கட்டி எதுவும் இல்லை. மஜ்ஜை ஏற்றுவதற்கு முன்பு உடம்பு முழுக்கக் கதிர்வீச்சு, ஊரார் சொல்லும் 'கரண்ட்', வாங்கியவன் என்பதால் மறுபடி அது வேண்டாம், வெட்டி எடுத்துவிடலாம் என்று முடிவானது. சீக்கிரம் செய்தால் பிழைப்பான்.

ஆனால் அவன் சம்மதிக்கவில்லை. காரணம் வேறு.

கூட வந்திருந்த கோவிந்தன் முடிவைக் கேட்டதும் ஊருக்குத் திரும்பி, தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் யோசித்தது இதுதான்: மாதேசன் உடம்பில் ஓடுவது பூராவும் பச்சியம்மாவின் ரத்தம். அவனே ஊர் முழுக்கச் சொன்னதுதான். அந்த உடம்பில் புத்து வந்திருக்கிறது. அப்படியானால் புத்து எங்கேயிருந்து வந்தது? மறுநாளே பச்சியம்மாவைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கோவிந்தன் தடுக்கவில்லை.

ஊரிலிருந்து வந்த ஒருவர் இதை மாதேசனிடம் சொல்லிவிட்டார். அவன் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். "எங்க அக்கா அவங்க வூட்டுக்குப் போவட்டும். அப்பறம் கத்தியை வைங்க" என்றான். அதற்குமேல் யார் கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் அறையில் பேசினோம். ஒரு இளம் டாக்டர் நல்ல எண்ணத்தோடுதான் யோசனை சொன்னார். அக்காவை வரவழைத்து ரத்தம் டெஸ்ட் பண்ணி, ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. பலரும் தலையாட்டினார்கள்.

எனக்குச் சரியாகப் படவில்லை. "டெஸ்ட் பண்ணினா, நாமளே சந்தேகப்பட்டோம்னு ஆயிடும் சார். நாளைக்கு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க" என்றேன்.

"அப்ப என்ன சொல்லலாம்ங்கறீங்க?" என்று கேட்டார் பெரிய டாக்டர்.

"இருக்கறதைச் சொல்லலாம். நாம வச்ச கதிரும் நாம குடுத்த மாத்திரையும்தான் காரணம்னு."

ஒருவர், "அப்படிச் சொன்னா இனிமே நம்மகிட்ட எவன் வருவான்?" என்றார். நியாயமான பயம்தான். பெரிய டாக்டர் என்னிடம், "போய்ச் சொல்லுங்க. கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க" என்றார்.

முதலில் பச்சியம்மாவைப் பார்க்கப் போனேன். பிறந்த வீட்டில், புளிய மரத்து நிழலில், குழந்தைக்குப் புட்டியில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கையில் புட்டியும் மார்பில் நனைந்த ரவிக்கையுமாக அவளைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"தாய்ப்பால் நிறுத்திட்டியா?"

"பயமா இருக்குதுங்க. என் ரத்தந்தானுங்களே பாலாவுது? தம்பிக்குக் குடுத்தேன், அவனுக்கு வந்துச்சு. இதுக்கும் வந்துட்டா?"

மாமியார் சொன்னதை இவளே நம்பிவிட்டாள். குழந்தை இளைத்திருந்தது. புட்டிப்பால் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கு.

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "நீ குடுத்தது ரத்தம் ஊறுற சத்து. அது இன்னிக்கு வரைக்கும் அவன் ஒடம்புல சுத்தமா இருக்கு. முதல்ல அவனுக்கு வந்தது ரத்தத்துல. அது திரும்ப வரவே இல்ல. இப்ப வந்திருக்கறது நாக்குல. நாக்கு நீ குடுத்ததா? அது அவன் பொறக்கும்போதே கொண்டுவந்தது. ரத்தம் உன்னுது, நாக்கு அவனுது. உன்னுதுல ஒண்ணும் இல்ல. அவனுதுலதான் வந்திருக்கு."

அவள் யோசித்தாள். "அப்ப நாக்குல எப்பிடி வந்துச்சு?"

"உன் ரத்தத்தை ஏத்தறதுக்கு முன்னாடி அவனுக்கு ஒடம்பு முழுக்கக் கரண்ட் வச்சோம், ஞாபகம் இருக்கா? கெட்ட ரத்தத்தைக் கொல்றதுக்கு. அது நல்ல சதையையும் கொஞ்சம் கெடுத்துட்டுப் போயிருக்கு. அப்பறம் வருசக்கணக்கா நாங்க குடுத்த மாத்திரை, ஒடம்போட காவலைக் குறைக்கற மாத்திரை. இது எங்களால வந்தது பச்சியம்மா. உன்னால இல்ல."

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவள் விடவில்லை.

"வாயில வெள்ளை வெள்ளையா வந்தப்ப, உன் ரத்தந்தான் அவனோட சண்டை போடுதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? அந்த வாயிலதானுங்களே இப்ப வந்திருக்கு?"

இந்த வேலையில் எனக்குக் கஷ்டமான நேரங்கள் எத்தனையோ வந்ததுண்டு. ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததுபோல எதுவும் இல்லை. அவள் கேட்டது சரி. வருடக்கணக்காக ஆறாமல் புண்பட்டுக்கிடந்த வாயில்தான் புற்றுக்கு இடம் கிடைக்கிறது. 'அதெல்லாம் இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் குழந்தையை மார்பில் சேர்த்துக்கொள்வாள். ஆனால் நாங்கள் சொன்னதையெல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறவள் அவள். ஒரு இடத்தில் பொய் சொல்லி மாட்டினால், மற்ற எதையும் நம்பமாட்டாள்.

"ஆமாம்" என்றேன். "அந்தச் சண்டையும் ஒரு காரணம். மறைக்க மாட்டேன். ஆனா அந்தச் சண்டை எதுக்கு வந்துதுன்னு கேளு. வூட்டுக்குக் காவலுக்கு ஒரு ஆளைப் போடறோம். ஒளிஞ்சிருந்த திருடனைத் தேடித்தேடி அடிக்கறான். இருட்டுல வூட்டுக்காரனுக்கும் ரெண்டு அடி விழுது. உன் ரத்தம் செஞ்சது அதுதான். மிச்சம் மீதி இருந்த பழைய புத்தைத் தேடி அடிச்சது அதுதான். அந்த அடி இல்லாம இருந்திருந்தா பழைய நோயே திரும்பி வந்திருக்கும்."

"திரும்பி வந்திருந்தா?"

"அப்பவே போயிருப்பான். உனக்குக் கல்யாணம் ஆனதைப் பாத்திருக்க மாட்டான்."

அவள் அழவில்லை. குழந்தை சிணுங்கியது. புட்டியை எடுத்து ஓரமாக வைத்தாள். திரும்பி உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, குழந்தையை மார்பில் சேர்த்தாள். கொஞ்சம் கழித்து, எனக்கு முதுகைக் காட்டியபடியே, "எங்க மாமியாகிட்டயும் இப்பிடியே சொல்லுவீங்களா?" என்றாள்.

"அங்கதான் போறேன்."

"நானும் வரேன். நீங்க போனதுக்கு அப்பறம் நாந்தானே அந்த வூட்ல இருக்கணும்."

அதியமான்கோட்டையில் மாமியார் வாசலிலேயே நிறுத்திவிட்டார். வாய் நிறைய வெற்றிலை புகையிலை. கோவிந்தன் கதவோரம் நின்றார். பச்சியம்மாவிடம் சொன்னதையே அவர்களுக்கும் சொன்னேன், அந்தச் சண்டையையும் விடாமல். கோவிந்தனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்ப கரண்ட் வச்சா புத்து வரும்னு தெரிஞ்சேதான் வச்சீங்களா?"

"வரலாம்னு லேசாத் தெரியும். யாருக்கு வரும், எப்ப வரும்னு தெரியாது. இன்னிக்கும் முழுசாத் தெரியாது. வைக்காம விட்டிருந்தா அந்த வருசத்தையே தாண்டியிருக்க மாட்டான்."

"அதை அன்னிக்கே சொல்லியிருந்தா அவன் வருசா வருசம் வந்திருப்பான் இல்லீங்களா?"

"சொல்லியிருக்கணும்" என்றேன்.

அவர் அதை எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார்.

மாமியார் மட்டும் விடவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். இவளுக்கு வருமா, வராதா? அதைச் சொல்லு."

"யாருக்கும் வராதுன்னு என்னால எழுதித்தர முடியாதுங்க. கரண்ட் வாங்குனது அவன், இவ இல்ல. மாத்திரை தின்னதும் அவன், இவ இல்ல. ஊர்ல மத்தவங்களுக்கு எப்பிடியோ அப்பிடித்தான் இவளுக்கும். நியாயமாப் பாத்தா, பொகையிலையை அடக்கிவச்சிருக்கற உங்க வாயைத்தான் நான் மொதல்ல பாக்கணும். எங்க, ஆ காட்டுங்க."

"என் வாய்க்கு என்ன கேடு!" என்று அந்த அம்மாள் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். கோவிந்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பச்சியம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் கோவிந்தன் வந்து குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அவள் பின்னாலேயே போனாள். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

மாமியார் மனம் ஒரே நாளில் மாறியது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். பச்சியம்மா கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க அந்த அம்மாளுக்கு ரொம்ப நாள் பிடித்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். புகையிலையையும் விடவில்லை.

நான் திரும்பி வந்து சொன்னபோது மாதேசன் நம்பவில்லை. மறுநாள் கோவிந்தனே வந்து, "அக்கா வூட்ல இருக்கா. பாப்பாவுக்கு வயித்தால போறது நின்னுடுச்சு. நீ எந்திரி, எனக்குத் தனியாக் கடை நடத்த முடியாது" என்றபிறகுதான் சம்மதித்தான். ஆபரேஷனுக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"இதை வெட்டிட்டா அவ்வளவுதானுங்களா? இனிமே வராதுங்களா?"

பக்கத்தில் இருந்த டாக்டர் என்னைப் பார்த்தார். "இதுவே திரும்பவும் வரலாம். வேற எடத்துல புதுசாவும் வரலாம். வராமலும் போகலாம். நீ உசுரோட இருக்கற வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். பயந்ததாகத் தெரியவில்லை. எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொண்டு நடக்க ஆரம்பிக்கிறவனைப் போல இருந்தான்.

நாக்கில் ஒரு பகுதி போய்விட்டது. பேச்சு குழறியது. 'சிஸ்டர்' என்பது 'சித்தல்' ஆனது. சாம்பாரில் உப்பு காரம் பார்க்கும் வேலை அக்காவுக்குப் போனது. ஆனால் கடை நடந்தது, அவனும் அங்கேயே நின்றான். அதற்குப் பிறகு எங்கள் வார்டில், வீட்டுக்குக் கிளம்பும்போது மஜ்ஜை வாங்கியவரிடம் மட்டும் பேசி அனுப்பும் வழக்கத்தை விட்டோம். கொடுத்தவரையும் கூட உட்காரவைத்தோம். பின்னால் என்னவெல்லாம் வரலாம், அது எதனால், எதை எப்போது பார்க்க வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பும் முன்பே இருவருக்கும் சொன்னோம். யாரும் பயந்து ஓடவில்லை. வர வேண்டிய நாளில் வந்தார்கள்.

அடுத்த வருடம் ஊருக்குப் போகும்போது தொப்பூரில் இறங்கினேன். கடை வாசலில் பச்சியம்மா நின்றிருந்தாள். தம்பியின் தாடையைப் பிடித்து முகத்தை வெயிலுக்குத் திருப்பி, வாய்க்குள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு டிரைவர், "என்னாம்மா, சந்தையில மாட்டுக்குப் பல்லு புடிச்சுப் பாக்கற மாதிரி பாக்கற?" என்று கேட்டார்.

அவள் கையை எடுக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

"என் ரத்தம் ஓடற ஒடம்புங்க. நான் பாக்காம யாரு பாக்கறது?" என்றாள். "ஏய், இன்னும் பெரிசாத் தெற."